மாத்திரைதான் இருக்கே, அப்புறம் எதுக்கு?

வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் செய்தி வந்துவிடும். "எய்ட்ஸுக்கு மருந்து கண்டுபிடிப்பு! விஞ்ஞானிகள் சாதனை!" கூடவே நீல நிறத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும் டி.என்.ஏ. படம் ஒன்று. இரண்டு நாள் ஊரெல்லாம் இதே பேச்சு. மூன்றாம் நாள் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அடுத்த வருஷம் வேறு விஞ்ஞானி, வேறு நாடு, அதே நீல நிறப் படம்.

இந்தப் பரபரப்பைக் கிண்டலடிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். அது சுலபமான வேலை. எனக்கு எரிச்சல் வருவது எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ரொம்பப் பொறுப்பானவர்கள் மாதிரி பேசுகிறவர்களிடம். அவர்கள் வாதம் இப்படிப் போகும்:

"எச்.ஐ.வி.க்குத்தான் மாத்திரை இருக்கே. ஒரு நாளைக்கு ஒண்ணு. ஒழுங்காப் போட்டுக்கிட்டா எல்லாரையும் போல வாழலாம். அப்புறம் எதுக்கு மரபணுவை வெட்டறேன் ஒட்டறேன்னு கோடி கோடியாக் கொட்டணும்? அந்தக் காசுல இன்னும் நாலு பேருக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமே?"

கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஏழைகள் மேல் அக்கறை இருப்பது போலவும் இருக்கிறது. அதனால்தான் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் படிப்பது பி.காம். உயிரியலுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. "உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று வகுப்புத் தோழர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் மேலே இருக்கிற வாதத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அதில் உயிரியல் எங்கே இருக்கிறது? முழுக்க முழுக்க வரவு செலவுக் கணக்கு. கணக்கு என்றால் நாங்களும் பேசலாம் இல்லையா? :-)

அதுவும் தப்புக் கணக்கு என்றால் கட்டாயம் பேச வேண்டும்.

*

முதலில் விஷயம் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஒரு கம்பெனியின் பேரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டுக் கணக்கன் ஒருவன் உள்ளே புகுந்து, அதே கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதி, நடுவில் வைத்துத் தைத்துவிடுகிறான். அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு உத்தரவு: "என்னைப் போல இன்னும் ஆயிரம் பேரை உருவாக்கு." எச்.ஐ.வி. செய்வது இதைத்தான். நோய் எதிர்ப்பு வேலையைப் பார்க்கும் சிடி4 செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லின் டி.என்.ஏ.வுக்கு உள்ளேயே தன்னை எழுதிவைத்துவிடுகிறது.

மாத்திரை புதிதாக நகல் எடுப்பதைத் தடுக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் பரிசோதனையில் தென்படாத அளவுக்கு ரத்தத்தில் வைரஸ் குறைந்துவிடும். அந்த நிலையில் இருக்கிறவரிடமிருந்து உடலுறவு மூலம் இன்னொருவருக்குத் தொற்றாது என்பதும் நிரூபணமான விஷயம். இது சாதாரண சாதனை இல்லை. ஆனால் பேரேட்டில் தைத்த பக்கம் அப்படியே இருக்கிறது. சில செல்கள் அந்தப் பக்கத்தோடு தூங்கிக்கொண்டிருக்கும். தூங்குகிற செல்லை மாத்திரையால் ஒன்றும் செய்ய முடியாது. இந்தத் தூங்கும் செல்கள் தானாக அழிந்துபோக எவ்வளவு காலம் ஆகும் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு 2003-இல் கணக்குப் போட்டுச் சொன்னது: எழுபது வருஷத்துக்கு மேல். அதாவது, ஆயுசு முழுக்க. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பிவிடும்.

மரபணுத் திருத்தக்காரர்கள் இதற்கு இரண்டு வழி பார்க்கிறார்கள்.

முதல் வழி, அந்தப் பக்கத்தையே கிழித்தெடுப்பது. இதற்குக் கருவி கிரிஸ்பர். ஜெனிஃபர் டௌட்னா, இமானுவேல் ஷார்பான்டியே என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் 2012-இல் இதைக் கத்திரியாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். 2020-இல் வேதியியல் நோபல் வாங்கினார்கள். வழிகாட்டி ஆர்.என்.ஏ. என்ற துண்டு விலாசத்தைச் சொல்லும். கேஸ்9 என்ற புரதம் அங்கே போய் வெட்டும். பிலடெல்ஃபியாவில் இருக்கும் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் கமெல் கலீலி குழு இதை எச்.ஐ.வி. மேல் திருப்பியது.

இரண்டாவது வழி, வைரஸ் உள்ளே வரும் வாசலை அடைத்துவிடுவது. செல்லின் மேல் சிசிஆர்5 என்று ஒரு புரதம் இருக்கிறது. பெரும்பாலான எச்.ஐ.வி. வகைகளுக்கு அதுதான் வாசல். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 100-க்கு ஒருவருக்குப் பிறவியிலேயே இந்த வாசல் கிடையாது. அப்படிப்பட்ட ஒருவரின் எலும்பு மஜ்ஜையை, ரத்தப் புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து இருந்த டிமத்தி ரே பிரவுன் என்பவருக்கு 2007-இல் பெர்லினில் டாக்டர் கெரோ ஹ்யூட்டர் வைத்துப் பார்த்தார். எச்.ஐ.வி. போய்விட்டது. திரும்ப வரவே இல்லை. பிரவுன் 2020-இல் இறந்தது புற்றுநோய் திரும்ப வந்ததால்.

"அப்போ எல்லாருக்கும் மஜ்ஜை மாத்திடலாமே?" முடியாது. அது உயிரைப் பணயம் வைக்கிற சிகிச்சை. பிரவுனே இரண்டாவது மாற்றத்தின்போது செத்துப் பிழைத்தவர். மறுபடி நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. புற்றுநோய்க்கு வேறு வழியில்லாதவருக்கு மட்டும்தான் இதைச் செய்வார்கள். மஜ்ஜை மாற்றத்தால் எச்.ஐ.வி. குணமானவர்களை இன்றைக்கும் இரண்டு கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் ஒரு விஷயம் அன்றைக்கு நிரூபணமாகிவிட்டது: இந்த வியாதி குணமாகக்கூடியது. மரபணுத் திருத்தம் கேட்பது, அதே பலனை மஜ்ஜை மாற்றாமல், ஓர் ஊசியில் கொண்டுவர முடியுமா என்றுதான்.

இப்போது வாதங்களுக்கு வருவோம்.

*

வாதம் ஒன்று: "மாத்திரை போதும்."

வணிகவியல் முதல் வருஷத்தில் மூலதனச் செலவு, வருவாயினச் செலவு என்று இரண்டைப் பிரித்துப் படிப்போம். வீடு கட்டுவது முதல் வகை. வாடகை கொடுப்பது இரண்டாவது வகை. மாத்திரை என்பது வாடகை. குறைந்த வாடகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்பது, ஐம்பது வருஷம் மாதம் தவறாமல் கொடுக்க வேண்டிய வாடகை. இதில் மறக்கக்கூடாத விஷயம் ஒன்று உண்டு. உலகத்தில் பல நாடுகளில் இந்த வாடகையைக் கட்டுகிறவர் அந்த வீட்டில் குடியிருப்பவர் இல்லை. வேறு யாரோ.

அந்த வேறு யாரோ மனசு மாறினால் என்ன ஆகும்? ரொம்ப யோசிக்க வேண்டாம், நடந்தே விட்டது. அமெரிக்காவின் பெப்ஃபார் திட்டம் 2003-இல் ஜார்ஜ் புஷ் காலத்தில் ஆரம்பித்தது. 2 கோடிக்கு மேற்பட்டவர்களின் எச்.ஐ.வி. சிகிச்சை அதன் துணையில் நடந்துகொண்டிருந்தது. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற அன்றைக்கே டொனால்ட் டிரம்ப் வெளிநாட்டு உதவிகளை 90 நாள் நிறுத்திவைத்து உத்தரவு போட்டார். உயிர்காக்கும் மருந்துகளுக்கு விலக்கு என்று சில நாள் கழித்துச் சொன்னார்கள். அதற்குள் ஆப்பிரிக்காவில் பல மருத்துவ மையங்களின் கதவு சாத்தியாகிவிட்டது. ஒரு கையெழுத்து. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒரு பெண்ணுக்கு அடுத்த மாத டப்பா வருமா வராதா என்று தெரியாது.

"அது ஆப்பிரிக்கா. நம்ம அரசாங்கம் நம்ம காசுல தருது" என்பீர்கள். உண்மைதான். 2004 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். முதலில் ஆரம்பித்த எட்டு மருத்துவமனைகளில் நம் தாம்பரமும் ஒன்று. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் 2022-இல் சில மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, எச்.ஐ.வி. உள்ளவர்கள் தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. சர்க்கரை வியாதிக்காரர் ஒரு மாதம் மாத்திரை விட்டாலும் கெடுதல்தான். இங்கே கூடுதலாக ஒரு கெடுதல்: மருந்து விட்டு விட்டுக் கிடைத்தால் வைரஸ் அந்த மருந்துக்கே பழகி, எதிர்ப்பு சம்பாதித்துக்கொள்ளும்.

இதெல்லாம் பணக் கணக்கு. ஏட்டில் ஏறாத கணக்கு வேறு இருக்கிறது. டப்பாவின் மேல் இருக்கும் சீட்டைக் கிழித்துவிட்டு வைட்டமின் மாத்திரை என்று வீட்டில் சொல்லி வைப்பவர்கள். சொந்த ஊர் மையத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள். பிறந்ததிலிருந்து சாப்பிட்டு, கல்லூரி விடுதியில் ரூம்மேட்டுக்குத் தெரியாமல் விழுங்குகிற, என் வயசுப் பிள்ளைகள். பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் வந்ததால் பயம் போய்விட்டதா?

"மாத்திரை போதும்" என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் அதைத் தினமும் விழுங்குகிறவர்கள்?

*

வாதம் இரண்டு: "இத்தனை வருஷமா வெட்டி என்னத்தைக் கிழிச்சாங்க?"

மறைக்க ஒன்றுமில்லை. இதுவரை மரபணுத் திருத்தத்தால் எச்.ஐ.வி. குணமான மனிதர் ஒருவர்கூட இல்லை. பெர்லின் வகையில் குணமானவர்களுக்குக் கிடைத்தது வேறொருவரின் செல், திருத்தப்பட்ட செல் இல்லை. "மருந்து கண்டுபிடிச்சாச்சு" என்று போடும் பத்திரிகைகள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 2014-இல் வெளியான ஆய்வில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 12 பேரின் செல்களை வெளியே எடுத்து, கிரிஸ்பருக்கு முந்தைய தலைமுறைக் கத்திரியால் சிசிஆர்5 வாசலை அடைத்துத் திரும்ப ஏற்றினார்கள். ஆறு பேர் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். வைரஸ் திரும்பியது. ஆனால் திருத்தப்பட்ட செல்கள் மற்றவற்றைவிட அதிகம் தாக்குப்பிடித்தன. 2019-இல் வெளியான ஆய்வில், பெய்ஜிங்கில் டெங் ஹாங்குய் குழு, எச்.ஐ.வி.யும் ரத்தப் புற்றுநோயும் இருந்த ஒருவருக்குக் கிரிஸ்பரால் திருத்திய தண்டு செல்களைக் கொடுத்தது. புற்றுநோய் அடங்கியது. உடலில் தங்கிய திருத்தப்பட்ட செல்கள் 5 முதல் 8 சதவீதம்தான். எச்.ஐ.வி.யை விரட்ட அது போதாது. அடுத்து கலீலியின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த ஈபிடி-101. எக்சிஷன் பயோதெரபியூடிக்ஸ் என்ற கம்பெனி அதை 2022-இல் முதன்முதலாக மனிதருக்கு ஏற்றியது. ஒரே ஊசி. ஆபத்தான பக்க விளைவு இல்லை. ஆனால் மாத்திரையை நிறுத்திய மூன்று பேருக்கும் வைரஸ் திரும்பிவிட்டது என்று 2024-இல் அறிவித்தார்கள். ஒருவருக்கு மட்டும் 16 வாரம் வரை தள்ளிப்போனது.

ஆக, மூன்று தோல்வி. மூடிவிட்டுப் போகலாமா?

வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். எச்.ஐ.வி.க்கு முதல் மருந்து ஏ.இசட்.டி. அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1987-இல். தனியாகக் கொடுத்தால் சீக்கிரமே வைரஸ் அதைத் தாண்டிவிடும் என்று தெரிந்தது. மக்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்கும், ஏழெட்டு வருஷமா என்னத்தைக் கிழிச்சாங்க என்று யாராவது கேட்டிருக்கலாம். 1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். சாவு சடசடவென்று குறைந்தது. இன்றைக்கு "போதும் போதும்" என்று நீங்கள் சொல்கிற மாத்திரை, அந்தத் தோல்விகளைத் தாண்டி வந்த மாத்திரைதான்.

ஏன் தோற்றது என்பதும் இப்போது ஓரளவு தெரிகிறது. கத்திரி வெட்டுகிறது. ஆனால் போய்ச் சேர வேண்டிய எல்லாச் செல்லுக்கும் போய்ச் சேரவில்லை. தூங்குகிற செல்கள் லட்சத்தில், பத்து லட்சத்தில் ஒன்று என்று உடம்பெல்லாம் ஒளிந்திருக்கின்றன. சிலவற்றை விட்டாலும் மறுபடி பற்றிக்கொள்ளும். கத்திரியைச் சுமந்து போக இன்னும் நல்ல வண்டி வேண்டும். இது கஷ்டமான பிரச்சினைதான். ஆனால் என்ன பிரச்சினை என்று தெரிந்துவிட்ட பிறகு கடையை மூடுவது புத்திசாலித்தனமா?

*

வாதம் மூன்று: "சீனாக்காரன் பண்ணின கூத்தைப் பார்த்தீங்கல்ல?"

பார்த்தோம். 2018 நவம்பரில் ஹே ஜியான்குய் என்ற சீன விஞ்ஞானி, கருவிலேயே சிசிஆர்5 திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டன என்று அறிவித்து உலகத்தையே அதிரவைத்தார். 2019 டிசம்பரில் அவருக்கு மூன்று வருஷச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் கிடைத்தது. என்னைக் கேட்டால் அது குறைவு.

அவர் செய்ததற்கு மருத்துவக் காரணமே கிடையாது. தந்தைக்கு எச்.ஐ.வி., தாய்க்கு இல்லை. விந்தணுவைச் சுத்திகரித்துக் கருத்தரிக்க வைத்தாலே குழந்தைக்குத் தொற்றாது. அந்தக் குழந்தைகளுக்கு எந்த வியாதியும் இல்லை, குணப்படுத்த ஒன்றும் இல்லை. திருத்தமும் அரைகுறை. இயற்கையில் காணப்படும் அந்த மாற்றம் அப்படியே வரவில்லை. சரியோ தப்போ, அது அவர்களின் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரக்கூடும்.

கலீலியோ, பென்சில்வேனியாக்காரர்களோ செய்தது வேறு வேலை. ஏற்கெனவே நோய் இருக்கிற, விஷயம் தெரிந்து கையெழுத்துப் போட்ட ஒரு பெரியவரின் ரத்தச் செல்களைத் திருத்துவது. அது அவரோடு முடிந்துவிடும். பிள்ளைக்குப் போகாது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவர்கள் ஒன்று தெரியாமல் பேசுகிறார்கள், இல்லை தெரிந்தே ஜல்லியடிக்கிறார்கள்.

இந்தக் கதையில் யாரும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. அந்தத் தம்பதிகள் ஏன் அந்த ஆளிடம் போனார்கள்? சீனாவில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை மறுக்கப்பட்டிருந்தது. பிள்ளை வேண்டும் என்றால் வேறு வாசல் இல்லை. மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கிற மனிதர்கள்தான், ஆனால் சமுதாயம் அவர்களை இன்னும் நோயாளி வரிசையிலேயே நிறுத்திவைத்திருந்தது. அந்த ஆளுக்கு ஆட்கள் கிடைத்தது அந்த வரிசையிலிருந்து. ஆகவே ஹே ஜியான்குய் கதை "மாத்திரை போதும்" கட்சிக்குச் சாட்சி சொல்லாது. எதிர்க்கட்சிக்குத்தான் சொல்லும்.

*

வாதம் நான்கு: "வந்தாலும் அது பணக்காரனுக்குத்தான்."

இதுதான் நிஜமான வாதம். மற்ற மூன்றும் சும்மா. இந்த இடத்தில் கணக்கு நோட்டைத் திறக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழை நாடுகளுக்கு இன்றைய முதல் வரிசைக் கூட்டு மாத்திரை ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு 45 டாலருக்கும் கீழே கிடைக்கும் என்று 2023-இல் குளோபல் ஃபண்ட் அறிவித்தது. 45 டாலர் என்றே வைத்துக்கொள்வோம். நாற்பது வருஷம். நாளைக்குக் கொடுக்கப்போகிற நூறு ரூபாய் இன்றைய நூறு ரூபாய் ஆகாது என்பதால் 5 சதவீத வட்டியில் நிகழ்கால மதிப்பு போடுவோம். விடை: சுமார் 772 டாலர். டாக்டர், நர்ஸ், பரிசோதனை எல்லாம் சேர்க்காமல், மாத்திரைக்கு மட்டும்.

அமெரிக்காவில் அதிகம் எழுதப்படும் ஒரு கூட்டு மாத்திரையின் பட்டியல் விலை வருஷத்துக்கு 40,000 டாலருக்கு மேல். அதே நாற்பது வருஷம், அதே 5 சதவீதம். விடை: சுமார் 6,86,000 டாலர்.

ஆகவே, "ஆயுசு முழுக்க ஆகிற மாத்திரைச் செலவை மிச்சப்படுத்துகிறோம், அதற்கு ஈடான விலை கொடுங்கள்" என்று ஒரு கம்பெனி கேட்டால், ஒரே ஊசிக்கு இரண்டு நியாயமான விலை வருகிறது. ஒன்று ஒரு நல்ல லேப்டாப் விலை. இன்னொன்று ஊரையே வாங்குகிற விலை. கம்பெனி எந்த விலையைப் பிடித்துக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அரிவாள் செல் ரத்தசோகைக்கு வந்த முதல் கிரிஸ்பர் சிகிச்சை காஸ்ஜெவி. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி. விலை 22 லட்சம் டாலர். நம் காசில் சுமார் 19 கோடி ரூபாய். அந்த வியாதி அதிகம் இருப்பதோ ஆப்பிரிக்காவிலும் இந்தியப் பழங்குடி மக்களிடமும்.

இதைப் பார்த்துவிட்டு "அதனால ஆராய்ச்சியே வேண்டாம்" என்று சொல்வதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விலை என்பது விஞ்ஞான விதி இல்லை. மனிதர்கள் வைப்பது. மனிதர்கள் சண்டை போட்டு இறக்கியும் இருக்கிறார்கள்.

2001-ஐ நினைத்துப் பாருங்கள். மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சைக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் சிப்லாவின் யூசுஃப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழே. அது எப்படி முடிந்தது? மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல், தயாரிப்பு முறைக்கு மட்டும் தந்த 1970-ஆம் வருஷ இந்தியக் காப்புரிமைச் சட்டத்தால் முடிந்தது. அன்றைக்கும் "ஏழை நாட்டுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது" என்று சொன்ன பெரிய மனிதர்கள் நிறைய. இன்றைய 45 டாலர் மாத்திரை அந்தச் சண்டையின் பேரப்பிள்ளை.

சமீபத்திய உதாரணமும் இருக்கிறது. எச்.ஐ.வி. வராமல் தடுக்கிற, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடும் லெனாகாபவிர் ஊசி 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலை வருஷத்துக்கு 28,218 டாலர். அதே வருஷம் செப்டம்பரில், இந்தியக் கம்பெனிகள் அதையே 2027 முதல் 120 நாடுகளுக்கு வருஷம் 40 டாலருக்குத் தரும் என்று ஒப்பந்தம் வந்தது. ஒரே மருந்து!

"மாத்திரையும் ஊசி மருந்தும் வேறு, மரபணு சிகிச்சை வேறு. அதைத் தொழிற்சாலையில் கொட்டி அளக்க முடியாது" என்று விஷயம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். நல்ல கேள்வி. ஆனால் அதற்கும் பதில் ஆரம்பமாகிவிட்டது. மரபணு மாற்றிய செல்களால் ரத்தப் புற்றுநோயைத் தாக்கும் கார்-டி சிகிச்சைக்கு அமெரிக்காவில் மூன்று, நான்கு கோடி ரூபாய். ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. விலை சுமார் 40 லட்சத்திலிருந்து 50 லட்சம். இன்னும் அதிகம்தான். ஆனால் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருக்கிறது.

வேலூருக்கு வாருங்கள். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளைப் பரிசோதித்து, இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டது வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில். அதே சி.எம்.சி. 2024 டிசம்பரில் ஹீமோஃபிலியாவுக்கு மரபணு சிகிச்சை கொடுத்து, ஐந்து பேருக்கும் வருஷக்கணக்கில் ரத்தக்கசிவு இல்லாமல் போனதை உலகத்துக்குச் சொன்னது. வியாதி வேறு, முறையும் வேறு. ஆனால் மரபணு சிகிச்சை என்பது வெள்ளைக்காரன் மட்டும் செய்கிற வித்தை என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

*

அப்படியானால் யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

இந்த ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டெம்பிள் பல்கலைக்கழக வேலைக்குப் பணம் போட்டதில் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் உண்டு. எச்.ஐ.வி.யைக் குணப்படுத்தும் ஆராய்ச்சிக்காக அவர்கள் 2021-இல் பத்து குழுக்களுக்கு வருஷத்துக்கு 5.3 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2019-இல் அவர்களும் கேட்ஸ் அறக்கட்டளையும் ஆளுக்கு 10 கோடி டாலர் போடுவதாகச் சொன்னார்கள். நோக்கம்: அரிவாள் செல் வியாதிக்கும் எச்.ஐ.வி.க்கும் ஏழை நாடுகளிலும் கொடுக்கக்கூடிய மரபணு சிகிச்சை. அதாவது ஆரம்ப மூலதனத்தில் பெரும் பங்கு பொதுப்பணம்.

ஆனால் பங்கு போட்டவனுக்கு லாபத்தில் என்ன உரிமை? அமெரிக்காவின் 1980-ஆம் வருஷ பே-டோல் சட்டப்படி, அரசுப் பணத்தில் கண்டுபிடித்ததற்கும் பல்கலைக்கழகமே காப்புரிமை வாங்கி, கம்பெனிக்கு உரிமம் கொடுக்கலாம். மக்களுக்குக் கிடைக்காமல் போனால் அரசு தலையிடலாம் என்று ஒரு பிரிவும் அதில் இருக்கிறது. மருந்து விலைக்காக அந்தப் பிரிவைத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2024 வரை ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை. கேட்டவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார்கள். கூட்டு வியாபாரத்தில் முதல் போட்ட பங்குதாரர் இப்படிச் சும்மா இருந்தால் நாங்கள் அவருக்கு வேறு பெயர் வைப்போம்.

எனவே கேட்க வேண்டியது இது: உரிமம் கொடுக்கும் அன்றைக்கே விலையும் எழுதப்பட வேண்டும். பொதுப்பணம் தொட்ட எந்த எச்.ஐ.வி. மரபணு சிகிச்சையானாலும், ஏழை, நடுத்தர நாடுகளில் தயாரிக்கும் உரிமை முதல் நாளிலிருந்தே அந்தந்த நாட்டுக் கம்பெனிகளுக்கும் அரசு ஆய்வகங்களுக்கும் இருக்க வேண்டும். சிகிச்சை வெற்றி பெற்ற பிறகு பேரம் பேசினால் நம் கையில் துருப்புச் சீட்டு இருக்காது. தோற்றுக்கொண்டிருக்கும்போதே, அவர்களுக்கு நம் பணமும், சோதனைக்கு முன்வரும் மனிதர்களும் தேவைப்படும்போதே பேச வேண்டும். இன்றைய தோல்விகளைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு இது புரிவதில்லை. பேரம் பேச நல்ல நேரம் இதுதான்.

நம் அரசாங்கத்திடம் கேட்கவும் ஒன்று உண்டு. இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். இங்கே அதிகம் பரவியிருப்பது சி என்ற வகை வைரஸ். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பது பெரும்பாலும் பி வகை. அவர்களின் வைரஸுக்கு அளவெடுத்துத் தைத்த கத்திரி நம் வைரஸில் அதே இடத்தில் சரியாக வெட்டுமா என்பதை நாம்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையை அவர்கள் நமக்காகச் செய்து கொடுக்க மாட்டார்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. ஊசி வருகிற வரைக்கும் ஒரு மாதம்கூடத் தவறாமல் அந்த வாடகையைக் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் வாடகை ஒழுங்காகக் கட்டுகிறோம் என்பதற்காக, "உனக்கெல்லாம் எதுக்குய்யா சொந்த வீடு" என்று 4 கோடி மனிதர்களைப் பார்த்துச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?